பேராமை கரையேறிய இரவு

(மேலூரில் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் மதுரைப் பக்கம் வருடம் முழுக்கப் பெய்தால் 850 மில்லிமீட்டர் மழை. நான் போய்வந்த ஊரில் அது 5,000-ஐத் தாண்டும். கோஸ்டா ரிக்கா நாட்டில், கரீபியன் கடலோரம், தோர்த்துகேரோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் ‘தோர்த்துகா’ என்றால் ஆமை. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. இரண்டு பக்கமும் காடு கவிந்த ஆற்றில் படகில் போனேன்.

படகில் ஏறியதும் ஊளைக்குரங்கின் சத்தம். சில கிலோமீட்டர் தள்ளியும் கேட்குமாம். புலிதான் உறுமுகிறது என்று நினைத்துவிட்டேன். அப்புறம் ஒரு பச்சை ஓணான், பேசிலிஸ்க் என்பார்கள், தண்ணீர்மேல் பின்னங்காலால் தடதடவென்று ஓடிக் கரையேறியது. மரத்தில் தொங்கியபடி மெதுவாக நகரும் ஸ்லாத் என்ற விலங்கைக் காட்ட வழிகாட்டிப் பையனுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அதன் முடியில் பாசி பிடித்திருப்பதால் இலையோடு இலையாகத் தெரியும். வாரம் ஒருமுறைதான் இறங்கும், அதுவும் மலம் கழிக்க.

சரி, ஆமைக்கு வருகிறேன். நம் ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் பேராமை என்கிறார்களே, அதே இனம்தான். ஜூலை முதல் அக்டோபர்வரை அங்கே முட்டையிட வரும். செல்போனுக்கு அனுமதியில்லை. வழிகாட்டியிடம் மட்டும் சிவப்பு விளக்கு. இருட்டில் வெகுநேரம் காத்திருந்தோம். கூப்பிட்டான், போனோம். பின்துடுப்பால் குடம்போலக் குழி தோண்டி, நூறு முட்டைக்குக் குறையாமல் இட்டுக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடம்பிலுள்ள கடல் உப்பை அப்படித்தான் வெளியேற்றுமாம். தெரிந்தும் என் கண் கலங்கியது.

அந்தப் பையனின் தாத்தா ஆமை பிடித்தவர். கரையேறும் ஆமைகளை மல்லாத்திப் போட்டுவிடுவார்கள், படகு வந்து அள்ளிப்போகும், வெளிநாட்டில் சூப்பாகும். 1950-களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விஞ்ஞானி அங்கே போய் ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்டி ஆராயத் தொடங்கினார். 1975-இல் அது தேசியப் பூங்கா ஆனது. இன்று ஊருக்கே சோறு போடுவது உயிரோடிருக்கும் ஆமைதான். தாத்தா காத்திருந்த அதே மணலில் பேரன் காத்திருக்கிறான்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தளம் ஆனது. அந்தப் பகுதியிலேயே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் என்றதும் மதுரைவரை நடந்தவர்கள் நீங்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. காப்பாற்றிவிட்டீர்கள். அந்தப் பாறைகளில் லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை இருக்கிறது. பிள்ளைகளே, எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

கை அதிகம் உயரவில்லை. ஞாயிறு காலை 6 மணிக்கு ஆனைகொண்டான் ஏரிக்கரையில் நிற்பேன். அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும்.