பெரிய டிஸ்க்குக்கு மாறும்போது

வணக்கம். லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. விண்டோஸ், மென்பொருள்கள், படங்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும், டிஸ்க் மட்டும் பெரிதாக வேண்டும். இதற்காகச் செய்வதைத்தான் குளோன் எடுப்பது என்கிறோம். நகலெடுக்கும் வேலையில் மென்பொருள் அவ்வளவாகத் தவறுவதில்லை. தவறு நேர்வதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும், நாம் கை வைக்கிற இடங்களில்தான்.

சி டிரைவில் உள்ளதை எல்லாம் காப்பி செய்து புதிய டிஸ்க்கில் ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் முக்கியமான ஃபைல்களைப் பூட்டி வைத்திருக்கும். அதோடு கண்ணில் படாத பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள், சில உண்டு. லேப்டாப் கிளம்புவதே அவற்றில் ஒன்றான இஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து. அது பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும். அது வராவிட்டால் சி டிரைவ் முழுதாக வந்து சேர்ந்தும் பயனில்லை.

இனி, வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை. பழைய டிஸ்க் தட்டைப் பெட்டி போன்ற 2.5 அங்குல சாட்டா வகையா, மெல்லிய அட்டை போன்ற எம்.2 வகையா என்று பாருங்கள். 2.5 அங்குலம் என்றால் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர் இருக்கும். 7-க்கான இடத்தில் 9.5 நுழையாது. பெரிய போர்ட்டபிள் டிஸ்க் ஒன்றைப் பிரித்து உள்ளே போட்டுவிடலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். 4 டிபி, 5 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் இந்த அளவில் 15 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை, லேப்டாப்புக்குள் போகாது. சிலவற்றில் யுஎஸ்பி இணைப்பை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், சாட்டா முனையே இருக்காது. அந்த யோசனையை விட்டுவிடுவது நல்லது.

எம்.2-வில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2230 என்றால் நீளம் 30. எம்.2 அட்டையிலும் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு முறைகள் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது பொருந்தினாலும் வேலை செய்யாமல் போகலாம். விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் இதற்கு விலக்குகள் இருக்கின்றன. லேப்டாப்பின் கையேட்டைப் பார்ப்பதே உறுதி.

1 டிபி வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாற்று வேலை அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 2 டிபிக்கு மேல் வாங்குவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறை சுமார் 2.2 டிபியோடு நின்றுவிடும். மிச்ச இடம் இருந்தும் இல்லாததுதான். ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும், லேப்டாப்பும் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் பூட் ஆக, அதாவது கிளம்ப, வேண்டும்.

என்னைக் கேட்டால், இத்தனை சிரமப்பட்டு மீண்டும் ஒரு சுழலும் டிஸ்க்கைப் போடாதீர்கள். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடுங்கள். லேப்டாப்புக்கான பெரிய ஹார்ட் டிஸ்க்குகளில் பல, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் எழுதும் எஸ்எம்ஆர் வகை. நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் எழுதும்போது பாதி வழியில் வேகம் சரிந்துவிடும்.

இப்போது பழைய டிஸ்க்கின் உடல்நிலை. இதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய முதல் விஷயமே இதுதான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் மதிப்புகளைப் பாருங்கள். படிக்கமுடியாமல் காத்திருக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களின், எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குளோனைத் தள்ளிவையுங்கள். முதலில் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். நோய்ப்பட்ட டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை படிக்கவைத்தால், அந்தப் பளுவிலேயே அது நின்றுபோகக்கூடும். அதற்குப் பிறகு முழு டிஸ்க்கையும் எடுக்க வேண்டுமென்றால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

டிஸ்க் நலமாக இருந்தால், நிர்வாகி உரிமையுடன், கட்டளை தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதைத் தட்டுங்கள். எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்: சி, எச், கே, டி, எஸ், கே, ஓர் இடைவெளி, சி, முக்காற்புள்ளி, இடைவெளி, முன்சாய்கோடு, எஃப். அடுத்த முறை கிளம்பும்போது சரிபார்க்கட்டுமா என்று கேட்கும், ஒய் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபைல் அமைப்பில் பிழை இருந்தால் குளோன் மென்பொருள் பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடாவிட்டாலும் பல லேப்டாப்புகளில் அது தானாகவே இயங்கியிருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை அணைத்து, மறைநீக்கம் முழுதாக முடியும்வரை காத்திருங்கள். மாற்றம் முடிந்தபின் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

குளோனை விண்டோஸுக்கு வெளியே, யுஎஸ்பியில் பூட் செய்யும் குளோன்சில்லா போன்றவற்றில் எடுப்பதானால், ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் சீக்கிரம் கிளம்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி காரணமாக விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். ஃபைல் அமைப்பும் முழுதாக மூடப்பட்டிருக்காது.

புதிய டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் இணைத்து, சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி கிடைத்தாலே பெரிது. 500 ஜிபிக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். யுஎஸ்பி 3-ல் ஒன்றரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும்.

மூலம் எது, இலக்கு எது என்று கேட்கும் இடத்தில் நிதானம் தேவை. மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் தரவின்மேல் குளோன் ஆகிவிடும், திரும்பி வராது. டிஸ்க்கின் மாடல் பெயரையும் அளவையும் முன்பே குறித்து வைத்து, ஒப்பிட்டபின் சரி கொடுங்கள். குளோன்சில்லாவில் கே1 என்ற விருப்பத்தைத் தேர்ந்தால் பார்ட்டிஷன்கள் புதிய அளவுக்கேற்ப விகிதமாக விரியும். தேர்ந்தெடுக்காவிட்டால் பழைய அளவிலேயே வந்து, மிச்ச இடம் வெறுமனே கிடக்கும். பிறகு சி டிரைவை நீட்டலாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் போனால் அந்தக் கட்டளை மங்கிக் கிடக்கும். காரணம், சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது. ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் கொண்டு அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு நீட்டலாம்.

முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து, மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். எம்.2 அட்டையைச் சற்றே சாய்வாகச் செருகி, படுக்கவைத்துத் திருகை முடுக்க வேண்டும். நிமிர்ந்தபடி அழுத்தக் கூடாது.

முதல் முறை கிளப்பும்போது பழைய டிஸ்க் எந்த போர்ட்டிலும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் இப்போது ஒரே அடையாள எண். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். அதை ஆன்லைன் ஆக்கினால் வேறு எண் எழுதிவிடும். பிறகு அந்த டிஸ்க் பூட் ஆகாமல் போகலாம்.

சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறியவர்களுக்கு நீலத் திரையில் பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று வரக்கூடும். புதிய டிஸ்க்கை இயக்கும் மென்பொருளான டிரைவர் தொடக்கத்திலேயே ஏறவில்லை என்று பொருள். ஒருமுறை சேஃப் மோடில், அதாவது விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும், கிளப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்க்கையே காட்டவில்லை என்றால் சந்தேகம் அடாப்டர் மேல் போக வேண்டும். சில அடாப்டர்கள் பெரிய டிஸ்க்கின் செக்டரை 512 பைட்டுக்குப் பதில் 4096 என்று மாற்றிக் காட்டும். அதில் எடுத்த குளோன் உள்ளே போனதும் படிக்கப்படாது. வேறு அடாப்டரில் மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தொடாமல் வைத்திருங்கள். அதற்குப் பிறகு பிறருக்குக் கொடுப்பதானால், ஃபார்மட் செய்யும்போது குயிக் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். டிஸ்க்கில் பல பார்ட்டிஷன்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டும். பழையது எஸ்எஸ்டி என்றால் அதன் தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் செக்யூர் இரேஸ் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். வணக்கம்.