வெளுத்துப்போன பக்கி, ஆடுற ரிவெட்டு, ரெண்டையும் இன்னைக்கு பாத்துடலாம்

வணக்கம் மக்களே, பின்னாடி சத்தம் கேக்கும், மெட்ரோ வேலை நடக்குது, ஓஎம்ஆர்ல வீடியோ எடுத்தா அது இலவச இணைப்பு. இன்னைக்கு வண்டி இதான், கோல்ஃப் கார்ட்டு, நம்ம ஊர்ல பக்கி இல்லன்னா பேட்டரி கார்னு சொல்லுவோம், சென்ட்ரல் ஸ்டேஷன்ல வயசானவங்கள ஏத்திக்கிட்டு பிளாட்பாரத்துல ஓடுமே அந்த வகையறா. இது ஒரு அபார்ட்மென்ட்டோடது, கிளப் கார்ங்கற கம்பெனியோட பழைய மாடல், மோட்டார் பேட்டரி எல்லாம் நல்லா இருக்கு ஆனா பாக்கத்தான் பரிதாபமா இருக்கு, அசோசியேஷன்ல புது வண்டி வாங்கிடலாம்னு பேச்சு வேற ஓடுதாம். இதுக்கெல்லாம் புது வண்டியா, கொஞ்சம் பொறுங்கப்பா.

கேமராவ கிட்ட கொண்டு வரேன். ஏறுற எடத்துக்கு கீழ நீளமா ஒரு பட்டை இருக்குல்ல, ராக்கர் பேனல், இது கறுப்பு. சத்தியமா கறுப்புதான். விரல வெச்சு தேச்சா பாருங்க, விபூதி மாதிரி ஒட்டுது. எல்லாரும் இத அழுக்குன்னு நெனச்சு சோப்பு போட்டு தேச்சுக்கிட்டே இருக்காங்க, அழுக்கு இல்லங்க, இது பிளாஸ்டிக்கே தான். வெயில்ல இருக்கற யூவி, அதாவது புற ஊதாக் கதிர், மேல் தோல அரிச்சு அரிச்சு பவுடராக்கிடுச்சு, அந்த பவுடரும் பொடிப்பொடி வெடிப்பும் வெளிச்சத்த செதறடிக்கறதால நமக்கு சாம்பலா தெரியுது, அடியில கறுப்பு அப்படியே பத்திரமா இருக்கு. இப்ப தண்ணி தெளிக்கிறேன், ஆங், கறுப்பாயிடுச்சா? காஞ்சா திரும்ப வெளுத்துடும். மெக்கானிக் கடையில டீசல் தடவுறது, தேங்காண்ணெய் தடவுறது, கடையில விக்கிற சிலிக்கான் பாலிஷ், எல்லாம் இந்த தண்ணி பண்ற வேலையதான் பண்ணுது, கொஞ்ச நாள் கூட நிக்கும் அவ்ளோதான். அதுலயும் எண்ணெய் தடவுனா ரோட்டு புழுதி மொத்தமும் அதுல வந்து உக்காந்துக்கும்.

ஹீட் கன், அதான் சூடு காத்து ஊதுற மெஷின், அத வெச்சு காட்டுற வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க, ஒரு இழுப்பு இழுத்தா அப்படியே ஜம்முனு கறுப்பாகும். பாக்க ஆசையாதான் இருக்கும். மேல் தோல உருக்கி மூடுறாங்க, யூவில இருந்து காப்பாத்த மேல எதுவும் இல்ல, அதனால திரும்ப வெளுக்கும், கொஞ்சம் அதிகமா காட்டுனா சொரசொரப்பு டிசைன் மழுங்கிடும், இவ்ளோ நீளமான பேனல் நெளிஞ்சே போயிடும். எனக்கு அது வேணாம்.

முதல்ல பேனல கழட்டணும், அங்கதான் ரிவெட்டு கதை, பேனல வண்டி சட்டத்தோட சேத்து புடிச்சிருக்கறது இந்த ரிவெட்டுங்கதான். டிரில்ல கையில எடுக்கறதுக்கு முன்னாடி சீட்ட தூக்கி பேட்டரியோட மெயின் நெகட்டிவ் கேபிள கழட்டிடுங்க, டோ, ரன் சுவிட்ச், அதாவது கட்டி இழுக்க டோ, ஓட்ட ரன், அது இருக்கற மாடல்னா டோல போட்டுட்டு கழட்டுங்க. இது 48 வோல்ட்டு, லெட் ஆசிட் பேட்டரி, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால இப்பதான் சார்ஜர்ல இருந்து எடுத்தேன்னு சொல்ற வண்டியில உடனே டிரில் போடாதீங்க, சீட்ட தூக்கி வெச்சு காத்து போக விடுங்க.

பழைய ரிவெட்டு நடுவுல ஒரு துருப்பிடிச்ச புள்ளி தெரியுதா, அதுதான் ரிவெட்டு அடிக்கும்போது இழுத்து அறுந்து உள்ள மாட்டிக்கிட்ட ஆணித்துண்டு. அத சின்ன பஞ்ச் வெச்சு தட்டி பின்னாடி தள்ளிடுங்க, இல்லன்னா டிரில் பிட்டு வழுக்கிக்கிட்டு போய் பிளாஸ்டிக்க கீறும். அப்புறம் மெதுவா டிரில் போடுங்க, ரிவெட்டு தல மட்டும் கழண்டா போதும். ரிவெட்டு பிட்டோட சேந்து சுத்துச்சுன்னா நிறுத்துங்க, அது சுத்த சுத்த சூடாகி பிளாஸ்டிக் ஓட்டைய உருக்கி பெருசாக்கிடும், ஓரத்த பிளேயர்ல புடிச்சுக்கிட்டு போடுங்க.

இப்ப ஓட்டைய பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு கீறல் கெளம்புது. டிரைவர் அண்ணா, ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப்போட்டு ஒடஞ்சதுன்னு சொல்றாரு, அதுவும் இருக்கும், ஆனா முக்கியமான வில்லன் வெயில். இந்த மாதிரி பிளாஸ்டிக் ஒரு மீட்டர் நீளம் இருந்தா, 30 டிகிரி சூடு ஏறும்போது சுமாரா 3 மில்லி நீளும். இதோட சட்டம் அலுமினியம், கிளப் கார்ல அப்படித்தான், ஈ-இசட்-கோ, யமஹா மாதிரி மத்த கம்பெனி வண்டியில ஸ்டீலா இருக்கும், அந்த அலுமினியம் அதே சூட்டுக்கு முக்கால் மில்லி கூட நீளாது. அப்ப ரெண்டையும் இறுக்கி அடிச்சு வெச்சா பிளாஸ்டிக் எங்க போகும்? ஓட்டையதான் கிழிக்கும். மே மாசத்து வெயில்ல நாள் பூரா நிக்கிற வண்டிக்கு இது தெனமும் நடக்குது.

அதனால புதுசா போடும்போது நடு ஓட்டை மட்டும் டைட்டா இருக்கட்டும், மத்த ஓட்டைய பேனல் நீளவாக்குல கொஞ்சம் முட்டை ஷேப்புக்கு ரவுண்டு அரம் வெச்சு இழுத்து விடுங்க. பிளாஸ்டிக்ல மட்டும்தான், சட்டத்துல கை வைக்காதீங்க. கீறல் முனையில 2 மில்லி ஓட்டை ஒண்ணு போட்டுட்டா அது அதுக்கு மேல சுலபத்துல ஓடாது.

ரிவெட்டு வாங்க சென்னை பாரிஸ் கார்னர், லிங்கி செட்டி தெரு பக்கம் போனீங்கன்னா 4.8 மில்லி, பெரிய தலை வெச்சதுன்னு கேளுங்க, தல 14 இல்ல 16 மில்லி அகலம் இருக்கும், சின்ன தல பிளாஸ்டிக்க துளைச்சுக்கிட்டு வெளிய வந்துடும். நீளத்துக்கு பிளாஸ்டிக் கனம், சட்டம் கனம் ரெண்டையும் கூட்டி கிரிப் ரேஞ்ச், அதாவது ரிவெட்டு எவ்ளோ கனத்த புடிக்கும்னு கேட்டு வாங்குங்க, எனக்கு இது 5 மில்லி சொச்சம் வந்துச்சு, 10 மில்லி நீளம் போதும். ஆணியும் அலுமினியமா இருந்தா நல்லது, கடல் காத்துல ஸ்டீல் ஆணி துரு ஒழுகி பேனல்ல பிரவுன் கோடு போடும், அத எந்த பாலிஷும் எடுக்காது.

பேனல் கழண்டாச்சு, இனி கழுவுற வேலை, சலிப்பான வேலை ஆனா ரிசல்ட்டே இதுலதான் இருக்கு. ஆல் பர்பஸ் கிளீனர கலந்து நைலான் பிரஷ்ல தேய்ங்க, நுரை சாம்பல் கலர்ல வரும், கழுவுங்க, திரும்ப தேய்ங்க, நுரை வெள்ளையா வர வரைக்கும் விடாதீங்க. பழைய சிலிக்கான் பாலிஷ் மிச்சம் இருந்தா அடுத்து போடப்போற கோட்டிங் புடிக்காது, அதுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு துடை. அப்புறம் காயணும், நம்ம ஊரு புழுக்கத்துல மேல காஞ்சாலும் சொரசொரப்புக்குள்ள ஈரம் நிக்கும், ஃபேன் போட்டு விடுங்க.

கோட்டிங் வந்து டிரிம் ரெஸ்டோரர்னு கேளுங்க, ஜிபி ரோட்டுல கிடைக்கும், காஞ்சு படலமா நிக்கிற ரகம் வேணும், கையில பிசுபிசுன்னு ஒட்டுறது வேணாம். நெழல்ல வெச்சு, ஃபோம் பேட்ல மெல்லிசா ஒரு கோட்டு, அதிகமானத உடனே துணியில தொடைச்சிடுங்க, இல்லன்னா திட்டு திட்டா காயும். வண்டியிலயே போடுறவங்க பெயின்ட்டு ஓரத்துல டேப் ஒட்டிக்கோங்க.

காஞ்சதும் மாட்டுறது, முதல்ல நடு ரிவெட்டு, அப்புறம் ரெண்டு பக்கமும் வெளிய நோக்கி, பேனல கையால அழுத்தி புடிச்சுக்கிட்டு ரிவெட் கன்ன இழுங்க, டக்குனு ஆணி அறுந்தா முடிஞ்சுது. கடைசியாதான் நெகட்டிவ் கேபிள். டிரைவர் அண்ணா, இன்னைக்கு நைட்டு மட்டும் கார்டன் ஸ்பிரிங்க்ளர் தண்ணி படாத எடத்துல நிறுத்துங்க, 24 மணி நேரம் தண்ணி காட்ட வேணாம். அடுத்த வீடியோவுல இதே வண்டியோட ரூஃப் கம்பிய பாப்போம், அது வேற ஆடுது.