கண்மாய் நிறையும்போதும் வற்றும்போதும்

ஐயாமார், ஆச்சிமார், உட்கார இடமிருந்தும் பின்னாலேயே நிற்கிற தம்பிகள், எல்லாருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டுத் திருவிழா என்றால் தேர், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, மஞ்சுவிரட்டு என்று அடுக்கிவிடுகிறோம். கண்மாயை யாரும் சொல்வதில்லை. நம் பக்கம் வற்றாத ஆறு எங்கே இருக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்துத்தான் வருஷத்தை ஓட்டியிருக்கிறோம், திருவிழாவும் அந்தத் தண்ணீரோடுதான் நடக்கிறது.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியைப் பாருங்கள். 1977இல் பறவைகள் சரணாலயம் ஆனது. அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல காலமாகவே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, கண்மாய்க்கு வந்திருக்கிற நத்தைகுத்தி நாரை மிரண்டு போய்விடக் கூடாது என்று. பலகாரம், புதுத்துணி எல்லாம் உண்டு. வெடி கேட்டு அழுகிற பிள்ளையைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே உள்ள ஆச்சிமாருக்குத் தெரியும், ஒரு ஊரே அதைச் செய்கிறது!

மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர். தெப்பக்குளத்துப் படியெல்லாம் விளக்கு. வேண்டிக்கொண்டு ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருந்து, நினைத்தது நடந்ததும் திரும்ப வந்து குளக்கரையில் ஏற்றுவார்கள்.

அப்புறம் வெயில் ஏறித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் வருகிறதே மீன்பிடித் திருவிழா, எனக்குப் பிடித்தது அதுதான். விடியுமுன்னே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கரையில் நிற்கும். பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் கால் நனைக்கக் கூடாது. வீசியதும் ஒரே ஓட்டம். கச்சா, பரி மாதிரி மீன்பிடி சாமான், கொசுவலை, சேலை, எது கையில் இருக்கிறதோ அது. ஊத்தாக்காரர்தான் கெட்டிக்காரர்: அடியில்லாத கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி விராலைத் தூக்குவார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. பிடித்ததை விற்கக் கூடாது என்பது பல ஊர் வழக்கம். இப்போது சில இடங்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் வரத்துக்கால்வாயைத் தூர்வாரப் போனால் சரி, மைக்செட்டுக்கும் பிளக்ஸுக்கும் போனால் எனக்குச் சம்மதமில்லை. கால்வாய் அடைத்தால் கண்மாய் நிறையாது, கண்மாய் நிறையாத வருஷம் துண்டை எங்கே வீசுவது?

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் படைப்புக்கு லீவு போடுகிறார்கள், சந்தோஷம். ஒரு வருஷம் இதற்கும் போட்டு வாருங்கள். வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம், அந்தச் சேறு எத்தனை துவைத்தாலும் போகாது.