தாயம் விழ எத்தனை உருட்டு?

நடுவர் அவர்களே, வணக்கம். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள். அவர் குடியிருந்த திருவல்லிக்கேணியிலேயே மேடை. இங்கே நின்று கால்குலேட்டருக்காகப் பேசு என்று என்னை எழுப்பிவிட்டீர்கள். நல்லா மாட்டிக்கொண்டேன்.

தலைப்பு இதுதான்: ஈருறுப்புப் பரவலில், அதாவது விழும், விழாது என்று இரண்டே முடிவுள்ள ஒரு முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யும் கணக்கில், முயற்சிகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கப் பெரிதும் கைகொடுப்பது கைக்கணக்கா, கால்குலேட்டரா? எனக்கு முன்னால் பேசிய ஐயா, "ராமானுஜன் கையில் சிலேட்டுதானே இருந்தது?" என்று கேட்டு கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். ஐயா, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த மனிதர் அவர். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதினார், முழங்கையால் அழித்தார், மறுபடி எழுதினார். போட்டுப் பார்க்க அவருக்கே ஒரு கருவி வேண்டியிருந்தது. ராமானுஜனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத எனக்கு வேண்டாமா?

சரி, கணக்குக்கு வருகிறேன். தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் பக்கம். ஒரு கட்டையில் ஒன்றும் இன்னொன்றில் வெறும் பக்கமும் விழுந்தால் தாயம். 16 விதத்தில் 2 விதம், அதாவது எட்டில் ஒன்று. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இறங்காமல் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவர் கேட்கும் கேள்விதான் நம் கேள்வி: குறைந்தது ஒரு தாயமாவது விழும் என்று 90 சதவீதம் நம்ப, எத்தனை தடவை உருட்ட வேண்டும்?

எதிரணி வழி இது. ஒரு தடவைகூட விழாமல் போக நிகழ்தகவு, 7/8-ஐ அத்தனை தடவை பெருக்கியது. அது 0.1-க்கு மேல் போகக் கூடாது. அடுக்கில் இருக்கும் எண்ணைக் கீழே இறக்க மடக்கை, அதாவது லாகரிதம், எடு. மடக்கை அட்டவணையில் 7/8-க்கு, அதாவது 0.875-க்கு, "1 பார், புள்ளி 9420" என்று வரும். தலையில் கோடு போட்ட 1 அது; மைனஸ் 1-உடன் 0.9420-ஐக் கூட்டு என்று அர்த்தம். அந்தப் பாரைப் பார்த்ததுமே பாதி வகுப்புக்கு வேர்க்கும். அப்புறம், மைனஸால் வகுக்கும்போது சமனின்மைக் குறி திரும்ப வேண்டும். திருப்ப மறந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள், நானும் ஒருத்தன். எல்லாம் சரியாகச் செய்தால் விடை 17.24. பையன் என்ன செய்வான்? புள்ளிக்குப் பின்னால் 24தானே, தள்ளு, 17 என்று எழுதுவான். தப்பு!

"கால்குலேட்டரும் அதே 17.24-ஐத்தானே காட்டும்?" என்று ஐயா கேட்கலாம். மடக்கையைத் தட்டினால் காட்டும். ஆனால் இதோ என் கையில் இருப்பது கேசியோ எஃப்எக்ஸ்-991 இஎஸ் பிளஸ். மோட் அழுத்தி 7 தட்டினால் அட்டவணை. 1-இலிருந்து 7/8-இன் எக்ஸ் அடுக்கைக் கழிக்கச் சொல்கிறேன். எக்ஸுக்கு ஆல்ஃபாவும் வலது அடைப்புக்குறியும். தொடக்கம் 10, முடிவு 25, படி 1. கீழே இறங்குகிறேன்: 17-க்கு நேராக 0.8967, 18-க்கு நேராக 0.9096. பதினேழில் போதவில்லை, பதினெட்டில் தாண்டுகிறது. கண்ணெதிரே தெரியும்போது எவன் 17 என்று எழுதுவான்?

இப்போது ஒரு தாயம் போதாது, இரண்டு வேண்டும் என்று வையுங்கள். விழாமல் போவதோடு, ஒரே ஒரு தடவை விழுவதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். உருட்டின் எண்ணிக்கை அடுக்கிலும் உட்கார்ந்திருக்கும், பெருக்கலிலும் வந்து நிற்கும். மடக்கை எடுத்துப் பிரித்துப் பாருங்கள், பிரியாது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர எதிரணிக்கும் வேறு போக்கிடம் கிடையாது. ஒரு தாயத்துக்கு 18 என்றால் இரண்டுக்கு 36 என்று தோன்றும். அட்டவணை 29-க்கு 0.8930, 30-க்கு 0.9038 என்கிறது. விடை 30.

இப்படி விகிதம் போட்டு ஏமாறுவது பழைய கதை. 1654-இல் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் இன்னொரு மேதை ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இது வருகிறது. ஒரு பகடையில் ஆறு விழ 4 வீச்சு போட்டால் பாதிக்கு மேல் வாய்ப்பு. இரண்டு பகடை என்றால் விதங்கள் 6-க்குப் பதில் 36, ஆறு மடங்கு. அப்படியானால் ஒரே வீச்சில் இரண்டிலும் ஆறு விழ, 4-க்கு ஆறு மடங்கு, 24 வீச்சு போதுமே என்று ஒரு சூதாட்டப் பிரபுவுக்கு எண்ணம். 24-க்கு 0.4914தான். 25-இல்தான் 0.5055. ஒரே ஒரு வீச்சு கூடியதும் பாதியைத் தாண்டுகிறது. அந்த ஓரத்தை அட்டவணைதான் பளிச்சென்று காட்டும்.

"பிளஸ் டூ கணிதத் தேர்வு அறைக்குள் கால்குலேட்டரை விடமாட்டார்களே?" என்றார் ஐயா. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மடக்கைப் புத்தகத்தை மட்டும் விடுகிறார்களே, அது என்ன? 1614-இல் மடக்கையை வெளியிட்ட நேப்பியர் தொடங்கிவைத்து, யாரோ கண் வலிக்க வலிக்கப் போட்டுவைத்த கணக்கின் விடைகள். காகிதத்தில் அச்சடித்த கால்குலேட்டர்! நாலு இலக்கத்தோடு நின்றுவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கருவிக்கும் குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்த மாடலில் ஒரே மூச்சில் 30 வரிசைதான். அதற்கு மேல் கேட்டால் இடமில்லை என்று திட்டும். 1-இலிருந்து தொடங்காமல், எங்கே தாண்டும் என்று உத்தேசமாக யோசித்துத் தொடக்கத்தைக் கொடுக்க வேண்டும். அந்த உத்தேசம் நம் மூளையிலிருந்துதான் வர வேண்டும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்காது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவரிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். மூன்று தாயம், அதே 90 சதவீதம். என் கால்குலேட்டர் 40-க்கு 0.8916, 41-க்கு 0.9011 என்கிறது. சரியா தப்பா என்று கையால் போட்டுச் சொல்லட்டும். தீர்ப்பு வாசிக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது, நிதானமாகவே போடலாம்.