நான்காம் அத்தியாயத்தில் ஒரு பத்து நிமிடம்

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கத்தைத் தம் பக்கம் இழுத்து வைத்திருக்கும் எதிரணி நண்பருக்கும், என் அணித் தோழர்களுக்கும், இந்தத் தூறலிலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி வந்திருக்கும் வாசகர்களுக்கும் என் வணக்கம்.

மர்மக் கதையின் சுவையை முழுமையாகத் தருவது நாவலா, தொலைக்காட்சித் தொடரா என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. நாவலே என்பது என் கட்சி. இந்த மலையில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுவது என் தொழில். மர்மக் கதை படிப்பது பள்ளிப் பருவத்திலிருந்து என்னை விடாத பற்று. தொடர்களை நான் ஒதுக்கியவள் அல்ல. எதிரணி நண்பர் புகழ்ந்து பேசிய நடிகர் டேவிட் சூஷே, 1989 முதல் 2013 வரை தொலைக்காட்சித் தொடரின் எழுபது அத்தியாயங்களில், அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோவாகவே வாழ்ந்து காட்டினார். அவற்றில் பலவற்றை இரண்டாம் முறையும் பார்த்திருக்கிறேன். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' ஒளிபரப்பான இரவுகளில் சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவின் தறிச்சத்தம்கூட அடங்கிவிடும். அந்த இரவுகளுக்கு நான் இன்றும் நன்றி உடையவள். 1935-ல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனியைத் தொடங்கிய சேலத்தின் மக்கள் திரையைக் குறைத்துப் பேசலாமா என்று நண்பர் கேட்டார். குறைத்துப் பேச நான் வரவில்லை. மர்மம் என்னும் ஒரு சுவையை எடுத்துக்கொண்டால், அதில் திரைக்கு எது கைவரும், எது கைவராது என்பதைப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

மர்மக் கதை என்பது எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் இடையே உள்ள ஓர் ஒப்பந்தம். துப்பறிபவரின் கண்ணில் படும் தடயம் எதுவோ, அது வாசகரின் கண்ணிலும் பட்டாக வேண்டும். இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் மர்மக் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தபோது இதையும் ஒரு விதியாக வைத்தார். காட்டவும் வேண்டும், கண்டுபிடிக்க முடியாதபடி மறைக்கவும் வேண்டும். எழுத்தாளரின் திறமை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எழுத்தில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 'மேசையின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடியும், பாதி எரிந்த ஊதுவத்தியும், போன வருடத்துப் பஞ்சாங்கமும், வெற்றிலைப் பெட்டியும், இரண்டு சாவிகளும் கிடந்தன' என்று ஒரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பொருள்களுக்கும் அந்த வாக்கியத்தில் ஒரே எடைதான். நான் சாவிகளைப் பிடித்துக்கொண்டு நூறு பக்கம் அலைவேன். உண்மையோ பஞ்சாங்கம் ஏன் போன வருடத்தது என்பதில் இருக்கும். ஏமாந்தது என் கவனக்குறைவால் என்று தெரியும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, எழுதியவர் மீது மரியாதைதான் வருகிறது.

இதே மேசையைக் கேமரா காட்டட்டும். பஞ்சாங்கத்தின் மேல் இரண்டு விநாடி கூடுதலாக நின்றால், பின்னணியில் வயலின் மெல்ல இழுத்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட 'அதுதான்' என்று கை நீட்டிவிடும். நிற்காமல் கடந்து போனால் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்; அப்போது ஒப்பந்தம் முறிந்துபோகிறது. கேமரா எங்கே பார்க்கிறதோ அங்கேதான் நானும் பார்க்க முடியும். நடிகர் தேர்விலும் இதே சிக்கல் இருக்கிறது. பெயர்பெற்ற நடிகர் ஒருவர் முதல் வாரத்தில் தோட்டக்காரராக இரண்டே வசனம் பேசிவிட்டுப் போனால், அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்; என் வாதத்தின் உயிர்நாடி அதுதான். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920-ல் வெளிவந்தது. முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர். நஞ்சுகளின் குணம் அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். அந்தக் கதையில் வீட்டுத் தலைவி இறப்பது ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சால். அது நம் ஊர் எட்டி மரத்தின் கொட்டையில் இருக்கும் நஞ்சுதான். எட்டிக்காயாய்க் கசக்கிறது என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே கசப்பு. அத்தனை கசப்பையும் காபியின் கசப்பு மறைத்துவிடக்கூடும் என்று கதையில் பேச்சு வருகிறது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், காபிப் பழத்தின் எடைக்கணக்கை முடித்துவிட்டு, கையில் காபி டம்ளரோடு அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஓர் ஐயம் வந்தது. ஸ்ட்ரிக்னின் விரைவாக வேலை செய்யும் நஞ்சு. இரவு எட்டு மணியளவில் குடித்த காபியில் அது இருந்திருந்தால், அந்த அம்மாள் விடியற்காலை வரை எப்படி உயிரோடு இருந்தார்?

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரை மணி நேரம் சன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்களில் மூடுபனி இறங்குவதைப் பார்த்தபடி யோசித்தேன். பிறகு முப்பது பக்கம் பின்னால் போய், யார் எந்தக் கோப்பையை எடுத்துச் சென்றார், யார் எங்கே நின்றார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தால் பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டுவேனே, அப்படித்தான் புரட்டினேன். விடை கிடைக்கவில்லை. ஆனால் நான் நின்ற இடம் சரியான இடம் என்பதும், கதை முழுவதும் அந்தத் தாமதத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் கடைசி அத்தியாயத்தில் தெரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இந்த மேடையில் எப்படிச் சொல்வேன்! அதே கதை 1990-ல் சூஷே நடிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. நல்ல படம். ஆனால் அந்தக் காபிக் கோப்பை வந்த வேகத்தில் போய்விட்டது. அடுத்த காட்சி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. ரிமோட்டில் நிறுத்தி யோசிக்கலாமே என்று நண்பர் கேட்கக்கூடும். நிறுத்தலாம். ஆனால் ஓடும்போது சுவைக்கும்படி எடுத்த ஒன்றை நிறுத்தினால் அங்கே மிஞ்சுவது அசையாத ஒரு படம். புத்தகத்தில் நான் நிற்கும் இடத்தில் கதையும் எனக்காக நிற்கிறது.

அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று காத்திருக்கும் தவிப்பைத் தொலைக்காட்சிதான் தந்தது என்றார் நண்பர். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' 1868-ல் வார இதழில் தொடராக வந்த நாவல். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1968-ல், சுஜாதாவின் 'நைலான் கயிறு' குமுதத்தில் வாரந்தோறும் வந்தது. வழக்கறிஞர் கணேஷ் நமக்கு அறிமுகமானது அதில்தான். ஷெர்லாக் ஹோம்ஸை 1893-ல் கானன் டாயில் அருவியில் தள்ளிக் கதையை முடித்தபோது வாசகர்கள் கொதித்துப்போனார்கள். 1903-ல் அவரை உயிரோடு மீட்டுவந்த பிறகுதான் அந்த மனக்குறை தீர்ந்தது. கண்ணால் பார்த்திராத, எழுத்தில் மட்டுமே வாழ்ந்த ஒரு மனிதருக்காக ஏங்கிய பத்தாண்டு அது. 'தொடரும்' என்ற சொல்லைத் தொலைக்காட்சி வார இதழிடமிருந்துதான் வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகு பல நேரங்களில் அதை அளவுக்கு மீறி நீட்டியும்விட்டது. நாவலைக் கையில் எடுக்கும்போதே வலது கைப் பக்கங்களின் கனம் இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறது. கொலைகாரர் யார் என்பது அந்தப் பக்கங்களில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, யாருக்காகவும் மாறாது.

இனி, நண்பர் எல்லாவற்றையும்விட உருக்கமாகச் சொன்ன கருத்துக்கு வருகிறேன். தொடர் என்றால் குடும்பமே கூடி உட்கார்ந்து பார்க்கிறது, நாவல் படிப்பவர் மூலையில் தனியாகக் கிடக்கிறார் என்றார். நடுவர் அவர்களே, இதற்கு என் வீட்டையே சான்றாக வைக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார், அம்மா ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றுவார். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல. லெண்டிங் லைப்ரரியில் நாள் வாடகைக்கு எடுத்துவரும் மாத நாவலை நான் உரக்கப் படிக்க வேண்டும். தறியின் சத்தத்துக்கு மேல் என் குரல் எழ வேண்டும். ஒருமுறை கையில் வந்த நாவலில் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. துப்பறிபவர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, 'கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்' என்கிறார். அதோடு அட்டை வந்துவிட்டது. கடைக்காரரிடம் வேறு பிரதி கிடையாது. அன்று இரவு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகையாகாது.

மறுநாளிலிருந்து வீட்டில் விசாரணை தொடங்கியது. டாக்டர்தான் என்றார் அப்பா. வீட்டை விட்டு ஓடிப்போன மகன் என்றேன் நான். அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் தார் சுற்றினார். மூன்றாம் நாள் ராட்டையை நிறுத்திவிட்டு, "அந்தக் கொழுந்தன்காரன் வந்ததுமே, ராத்திரி பத்து மணிக்கு இப்படி ஆயிப்போச்சேன்னு அழுதான்னு படிச்சியே கண்ணு, பத்து மணின்னு அவனுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். நான் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். யாரும் சொல்லவில்லை. எனக்கு அது வெறும் அழுகையாகப் பட்டது. எழுத்தறியாத என் அம்மாவின் காதில் அது தடயமாக விழுந்திருக்கிறது. நான்கு மாதம் கழித்துப் பழைய பஸ் நிலையத்துக்கு அருகே நடைபாதைக் கடையில் அந்த நாவல் முழுதாகக் கிடைத்தது. அங்கேயே நின்றபடி பிரித்துப் பார்த்தேன். கொழுந்தன்தான். ஆறாம் நம்பர் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசையும் சேர்த்துக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, அம்மாபேட்டை வரை நடந்தே போய் அம்மாவுக்கு அந்தப் பன்னிரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டினேன்.

அம்மாவுக்குத் தொலைக்காட்சியும் பிடிக்கும். 'மர்மதேசம்' பார்த்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். ஆனால் தொடர் பார்த்த எந்த இரவிலும் அவர் ராட்டையை நிறுத்திவிட்டுத் துப்பறிந்ததில்லை. அங்கே அவர் பார்வையாளர். புத்தகத்தில் அவர் விசாரணை அதிகாரி.

மணி அடிக்க நடுவர் கையை எடுத்துச் செல்வது தெரிகிறது; ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். கிறிஸ்டி 1926-ல் எழுதிய 'ரோஜர் அக்ராய்டின் கொலை'யில் நான்காம் அத்தியாயத்தின் முடிவை நெருங்கும் இடத்தில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எட்டு நாற்பதுக்கு ஒரு கடிதம் வந்தது என்கிறது முதல் வாக்கியம். எட்டு ஐம்பதுக்கு ஒருவர் அந்த அறையை விட்டு வெளியேறினார், கடிதம் அப்போதும் படிக்கப்படவில்லை என்கிறது அடுத்தது. யார் என்பதை இந்த அவையில் சொல்ல மாட்டேன். படிக்காதவர்களிடமிருந்து அந்த இன்பத்தைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் பத்து நிமிடம் இருக்கிறது. அதில் ஒரு பொய்கூட இல்லை. முதன்முறை படித்தபோது அந்தப் பத்து நிமிடம் என் கண்ணில் படவே இல்லை. முடிவு தெரிந்து திரும்பி வந்து படித்தபோது கை நடுங்கிவிட்டது. கேமரா அந்த அறையில் நின்றால் நடந்தது தெரிந்துவிடும், வெளியே வந்தால் ஏன் வந்தது என்று நாம் கேட்டுவிடுவோம். ஒரு முற்றுப்புள்ளிக்குப் பின்னால் பத்து நிமிடத்தை ஒளித்து வைக்க எழுத்துக்குத்தான் முடிந்திருக்கிறது.

நடுவர் அவர்களே, என் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஓர் இடைவேளை உண்டு என்று அறிவித்திருக்கிறீர்கள். காபி வரும் நேரத்தில் அந்த நான்காம் அத்தியாயத்தை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சில்வர் ஓக் இலை வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.