கழுவிய கை அடுத்து எதைத் தொடுகிறது? – பொதுக் கழிவறைக் கதவு குறித்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம் நேயர்களே. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் படித்ததிலிருந்து போகும் இடமெல்லாம் கதவுகளையும் கைப்பிடிகளையுமே பார்த்துக்கொண்டிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான விடுதி நடத்தும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய விடுதியில் தளத்துக்கு ஒரு பொதுக் கழிவறைக் கூடம் உண்டு. கழிவறைகள், குளியலறைகள், வாஷ்பேசின்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வெளிக்கதவு. அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது என்பதால், வெளியே வரும் ஒவ்வொருவரும் கைப்பிடியைப் பற்றி இழுத்துத்தான் வர வேண்டியிருக்கிறது. அது தங்கியிருக்கும் பெண்களுக்கு அருவருப்பாக இருக்கிறதாம்; சிலர் துப்பட்டா நுனியால் பிடித்து இழுக்கிறார்களாம். காலால் இழுத்துத் திறக்கும் உலோகத் தகட்டைக் கதவின் அடியில் பொருத்தலாமா, கையைக் காட்டினால் திறக்கும் சென்சார் கதவு வைக்கலாமா, அல்லது இவையெல்லாம் கொரோனா விட்டுச்சென்ற வீண் பயமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொரோனாவைப் பொறுத்தவரை, கைப்பிடியைப் பற்றிய பயம் அளவுக்கு மிஞ்சியதாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிவியல் குறிப்பில், வைரஸ் படிந்த ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லப்பட்டது. அது முதன்மையாகக் காற்றின் வழியே பரவிய நோய். ஆனால் கழிவறைக் கதவில் நாம் கவலைப்பட வேண்டிய கிருமிகள் வேறு. வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரஸ் பற்றி முன்பு ஒரு முழு உரையே ஆற்றியிருக்கிறேன். ஒருவரை நோயில் தள்ள அந்த வைரஸின் 18 துகள்களே போதுமானவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருப்பதையும், அது பரப்புகளில் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருப்பதையும், ஆல்கஹால் கலந்த சானிடைசர் அதன்மீது சரியாக வேலை செய்யாது என்பதையும் அதில் விளக்கியிருந்தேன். நாம் மெட்ராஸ் ஐ என்று அழைக்கும் கண்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் அடினோ வைரஸ்களும் பரப்புகளில் நீண்ட நாள் தாங்குபவைதான்; பலர் சேர்ந்து வாழும் விடுதியில் ஒருவருக்கு வந்தால் எப்படிப் பரவுகிறது என்பதை அந்தச் சகோதரிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கைப்பிடி எவ்வளவு தூரம் கிருமியைக் கொண்டுசெல்லும் என்பதை 2014-ஆம் ஆண்டு அரிசோனா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் சார்லஸ் ஜெர்பா ஒரு சோதனையின் வழியே காட்டினார். மனிதருக்குத் தீங்கு செய்யாத எம்.எஸ்.2 என்ற வைரஸைக் கட்டடத்தில் கதவுக் கைப்பிடி, மேசை போன்ற ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் தடவிவிட்டு, பிறகு மற்ற இடங்களையும் அங்கே இருந்தவர்களின் கைகளையும் பரிசோதித்தார். 2 முதல் 4 மணி நேரத்துக்குள், அங்கிருந்த மனிதர்களிலும் பலரும் தொடும் பொருள்களிலும் 40 முதல் 60 விழுக்காடு வரை அந்த வைரஸ் சென்று சேர்ந்திருந்தது. ஆகவே சகோதரி, உங்கள் விடுதிப் பெண்கள் படும் அருவருப்பு வீண் பயம் அன்று. அவர்கள் சரியான இடத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்.

ஏன் சரியான இடம் என்கிறேன் என்றால், அந்தக் கூடத்தில் கை படும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. கழிவறையின் உள்தாழ்ப்பாள் இருக்கிறது. ஃப்ளஷ் பொத்தான் இருக்கிறது. ஹெல்த் ஃபாசெட் இருக்கிறது. வெளிக்கதவின் கைப்பிடியைக் காட்டிலும் அவற்றில்தான் கிருமி அதிகம் இருக்கக்கூடும். ஆனால் அவற்றைத் தொட்ட பிறகு நாம் கையைக் கழுவுகிறோம். வெளிக்கதவின் கைப்பிடியோ கழுவிய பிறகு தொடுவது. அதுவும் கழுவாமல் வெளியேறியவரின் கை பட்ட அதே இடத்தில் தொடுவது. இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரிந்திருக்கும். கைகழுவுதலில் சோப்பும் 20 விநாடி நேரமும் எவ்வளவு முக்கியமோ, அதே அளவு முக்கியமானது வரிசை. எதற்கு முன் கழுவுகிறோம், கழுவிய கை அடுத்து எதைத் தொடுகிறது என்று கேட்காமல் செய்யும் செலவெல்லாம் பாதி வீண். குழாயைப் பற்றிய உரையிலும் இதையேதான் சொன்னேன்: திருகித் திறக்கும் குழாயை அழுக்கான கை திறக்கிறது, கழுவிய கை மூடுகிறது, ஆகவே குழாயின் திருகில் ஒட்டியிருப்பது கழுவிய கைக்கே திரும்பி வருகிறது.

அறுவை அரங்குகளைப் பாருங்கள். அறுவை மருத்துவர் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவும் இடத்தில் குழாயின் பிடி நீளமாக இருக்கும். முழங்கையால் தள்ளியே திறந்து மூடலாம். கழுவி முடித்ததும் அவர் இரு கைகளையும் மார்புக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடி, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். தானாக நகரும் கதவாக இருந்தால் பாதத்தைக் கொண்டுபோனாலே திறக்கும்படி கீழே சென்சார் வைத்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு பொருளும் இருக்கும் இடத்தை முடிவுசெய்வது கழுவிய கைதான்.

இப்போது காலால் இழுக்கும் தகட்டுக்கு வருகிறேன். அது வளைந்த ஒரு சிறு உலோகத் துண்டு. கதவின் அடிப்பகுதியில் திருகாணியால் பொருத்திவிட்டால், காலணியின் முனையை அதன்மேல் வைத்துக் கதவைத் தன் பக்கம் இழுக்கலாம். எளிமையானது, விலை குறைவு, மின்சாரம் வேண்டாம். ஆனால் கதவில் தாழ் விழுகிற பூட்டு இருந்தால் அது பயன்படாது. வெறுமனே இழுத்தால் திறந்துகொண்டு, டோர் குளோசரால் தானே மூடிக்கொள்ளும் கதவுக்கு மட்டுமே பொருந்தும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தக் கருவி ஷூ அணிந்து நடப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நம் விடுதிகளில் குளித்துவிட்டு ஈரத் தரையில், ரப்பர் செருப்போடு அல்லது வெறுங்காலோடு வருவார்கள். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் துணி இருக்கும். அந்த நிலையில் ஒற்றைக் காலில் நின்று கதவை இழுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கருவுற்ற பெண்ணோ, முழங்கால் வலி உள்ளவரோ, மகளைப் பார்க்க வந்து தங்கும் வயதான தாயோ அங்கே வழுக்கி விழுந்தால், நாம் தவிர்த்த வயிற்றுப்போக்கைவிடப் பெரிய துன்பம் வந்து சேரும். உலர்ந்த தரையும் காலணியும் உள்ள அலுவலகத்துக்கு இதைப் பரிந்துரைப்பேன். ஈரத் தரை உள்ள குளியலறைக் கூடத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட முன்கையால் இழுக்கும் கொக்கி நல்லது. பெல்ஜியத்தின் மெட்டீரியலைஸ் நிறுவனம் 2020 மார்ச்சில் அப்படி ஒரு வடிவத்தை உருவாக்கி, முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் எவரும் அச்சிட்டுக்கொள்ளட்டும் என்று இலவசமாகவே வெளியிட்டது. இருக்கிற கைப்பிடியின்மேல் பொருத்திவிட்டால், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையிலான பகுதியால் இழுத்துத் திறக்கலாம். முன்கையும் தோல்தானே, அதிலும் கிருமி ஒட்டாதா என்று கேட்பீர்கள். ஒட்டும். ஆனால் முன்கையால் நாம் சோறு பிசைவதில்லை, கண்ணைக் கசக்குவதில்லை. கிருமி உடலுக்குள் போகும் வழி பெரும்பாலும் விரல் நுனிகள்தான். அவற்றைக் காப்பாற்றினாலே பெரும்பகுதி காப்பாற்றியதாகும்.

சென்சார் கதவு பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கார்பஸ் கிறிஸ்டி என்ற கடற்கரை நகரத்தில், பலத்த காற்றில் சாதாரணக் கதவுகள் படும் பாட்டைப் பார்த்து, லூ ஹெவிட், டீ ஹார்ட்டன் என்ற இருவர் 1954-இல் தானாக நகரும் கதவை யோசித்தார்கள். 1960-இல் அது விற்பனைக்கு வந்தது. மிதியடியின்மேல் கால் வைத்தால் கதவு நகரும்படி அமைத்திருந்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது காற்று. சுகாதாரப் பயன் பின்னால் கிடைத்தது. மருத்துவமனைக்கும், சக்கர நாற்காலியில் வருவோர் உள்ள இடத்துக்கும் அது பெரிய வரம். உங்கள் விடுதிக்குத் தேவையா என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். செலவு அதிகம், ஈரமான கூடத்தில் பராமரிப்பு கடினம், மின்சாரம் போனால் கையால் எளிதாகத் தள்ளித் திறக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒருவேளை பிற்காலத்தில் வாங்கினாலும் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்துபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கைப்பிடியை மாற்றாமல் விட முடியாது என்றால், அது எந்த உலோகம் என்று பாருங்கள். 1983-இல் பென்சில்வேனியாவில் ஃபிலிஸ் கூன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் கதவுக் குமிழ்களை ஆராய்ந்து, பளபளவென்று தூய்மையாகத் தெரியும் துருப்பிடிக்காத எஃகில் பாக்டீரியா செழித்திருப்பதையும், மங்கிய பித்தளையில் மிகக் குறைவாகவே இருப்பதையும் எழுதினார். பித்தளை போன்ற செம்புக் கலவைகள் 2 மணி நேரத்துக்குள் 99.9 விழுக்காடு பாக்டீரியாவைக் கொல்கின்றன என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2008-இல் ஏற்றுப் பதிவு செய்தது. ஆனால் கடையில் கிடைக்கும் பித்தளைக் கைப்பிடிகள் பலவற்றில் மங்காமலிருக்க மேலே வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும். பூச்சு இருந்தால் உலோகம் கையைத் தொடுவதே இல்லை, பயனும் இல்லை. புளி போட்டுத் துலக்க வேண்டிய வெறும் பித்தளையே வேண்டும். இரண்டு மணி நேரம் என்பதும் நினைவிருக்கட்டும்: காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு இடையே இரண்டு நிமிட இடைவெளிகூட இருக்காது. ஆகவே துடைத்துச் சுத்தம் செய்வதற்கு இது மாற்று ஆகாது.

நம் நாட்டிலேயே இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. பஞ்சாபில் உள்ள கபுர்தலா ரயில் பெட்டித் தொழிற்சாலை 2020 ஜூலையில் கொரோனாவுக்குப் பிந்தைய பெட்டி என்று ஒன்றை உருவாக்கியது. அதில் கழிவறைக் கதவைக் காலால் திறக்கலாம். தண்ணீர்க் குழாயும் சோப்புக் குப்பியும் காலால் இயங்கும். பெட்டிக் கதவின் கைப்பிடியை முன்கையால் இயக்கலாம். பிடிகளுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் செம்புப் பூச்சு. நோய்ப் பயத்தில் பிறந்தது என்றாலும், அதை வடிவமைத்தவர்கள் பயணியின் கை எங்கெங்கே போகிறது என்பதை வரிசையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்காக எனக்கு அந்தப் பெட்டிமேல் தனி மதிப்பு உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது கழிவறைக்கு வெளியே இருக்கும் வாஷ்பேசினையும் காலால் இயங்கும்படி செய்ததுதான்.

அந்த வெளியே இருக்கும் வாஷ்பேசின்தான் நான் சொல்ல வந்தது. சகோதரி, நீங்கள் கதவை எப்படித் திறப்பது என்று கேட்டீர்கள். தண்ணீரை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். நம் ஊர் உணவகங்களில் கைகழுவும் இடம் பெரும்பாலும் திறந்த கூடத்திலேயே இருக்கிறது. கழிவறையிலிருந்து வருபவரும் அங்கே கழுவிவிட்டு நேரே மேசைக்கு வரலாம், நடுவில் கதவே கிடையாது. எனக்குத் தெரிந்த கிராமப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியை, கழிவறைக்கு உள்ளே இருந்த குழாய்களை மூடிவிட்டு, கழிவறைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் இடையே முற்றத்தில் ஒரு நீண்ட குழாய்வரிசையைப் போட்டார். பிள்ளைகள் எல்லோர் கண்ணுக்கும் எதிரில் கழுவுவதால் கழுவாமல் யாரும் நழுவுவதும் நின்றது. பல விமான நிலையங்களில் கழிவறைக்கு வெளிக்கதவே வைக்காமல், உள்ளே பார்வை போகாதபடி சுவரை மட்டும் வளைத்துக் கட்டியிருப்பதிலும் இதே பயன் கிடைக்கிறது. கழுவிய கைக்கும் வாழும் இடத்துக்கும் நடுவே கதவு இல்லாவிட்டால், கொக்கி, தகடு, சென்சார் எதைப் பற்றிய கேள்வியும் எழுவதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதாக நான் கருதுவது இது. உள்ளே இருக்கும் வாஷ்பேசின் சுவரின் மறுபக்கம் நடைவழியா என்று பாருங்கள். நடைவழியாக இருந்தால், அதே தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, நடைவழியில் ஒரு பேசின் வைப்பது ஒரு பிளம்பருக்குப் பெரிய வேலை அன்று. அதில் அழுத்தினால் தண்ணீர் வந்து தானே நின்றுவிடும் புஷ் டேப்பைப் போடுங்கள். கழுவிய கை மறுபடி குழாயைத் தொட வேண்டியிருக்காது. சோப்பு எப்போதும் இருக்கட்டும். நடைவழி குறுகலாக இருந்து அதற்கு இடமில்லை என்றால், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். கீலை மட்டும் மாற்றினால் போதாது, நிலையில் கதவு உட்காரும் காடியையும் மாற்ற வேண்டும் என்பதால் நல்ல தச்சரை அழையுங்கள். திறக்கும் கதவு நடைவழியில் போகிறவர்மேல் மோதாமலிருக்க, கண்மட்டத்தில் சிறு கண்ணாடிப் பட்டை ஒன்றையும் வைக்கச் சொல்லுங்கள். உள்ளிருப்பவர் தெரியாதபடி பனிக்கண்ணாடி போதும், ஆள் நிழல் தெரிந்தாலே போதுமானது. அப்போது வெளியே வருபவர் தோளால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். உள்ளே போகிறவர் கையால் இழுத்தாலும் பாதகமில்லை, அவர் இனிமேல்தான் கழுவப்போகிறார்.

இரண்டுக்குமே வழியில்லாத தளம் இருந்தால் மட்டும் முன்கைக் கொக்கியைப் பொருத்துங்கள். எந்தத் தளத்தில் எது பொருந்தும் என்பதில் ஐயம் இருந்தால், கதவு, பேசின், நடைவழி மூன்றும் தெரியும்படி ஒரு தாளில் அளவோடு வரைந்து அனுப்புங்கள். அடுத்த வாரம் அந்தப் படத்தைத் திரையில் வைத்தே பேசுகிறேன்.