ஹாரி ஏன் இப்படிக் கத்துகிறான்?

நேயர்களுக்கு வணக்கம்.

மந்திரப் பள்ளியில் படிக்கும் ஹாரி பாட்டரின் கதையைச் சொல்லும் நாவல் வரிசையின் முதல் புத்தகம் 1997-இல் வந்தது. பிரிட்டன் பதிப்பில் 223 பக்கம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். 2003 ஜூனில் வந்த ஐந்தாவது, 'ஆர்டர் ஆஃப் த ஃபீனிக்ஸ்', 766 பக்கம். கையில் மட்டுமல்ல, மனசிலும் கனக்கிற புத்தகம்.

முதல் தடவை படித்தபோது எனக்கு ஹாரியைப் பிடிக்கவே இல்லை. பதினைந்து வயதுப் பையன், எடுத்ததற்கெல்லாம் கத்துகிறான். கோடை முழுக்க ஒரு தகவலும் சொல்லாத நண்பர்கள் ரானையும் ஹெர்மாய்னியையும் பார்த்த மாத்திரத்தில் வெடிக்கிறான். என்னடா இவன் என்று மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாம் தடவைதான் உறைத்தது. முந்தைய புத்தகத்தின் முடிவில், கூட நின்ற மாணவன் கொல்லப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் இவன். கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட் திரும்பிவிட்டான் என்று சொன்னால் மந்திர உலகை ஆளும் அமைச்சகம் நம்ப மறுக்கிறது, செய்தித்தாள் கிறுக்கன் பட்டம் கட்டுகிறது. தலைமையாசிரியர் டம்பிள்டோரோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கத்தாமல் என்ன செய்வான்?

அப்புறம் அம்பிரிட்ஜ், அமைச்சகம் பள்ளிக்கு அனுப்பிய ஆசிரியை. வோல்டமோர்ட்டை விட எனக்குப் பயம் இந்த அம்மாளிடம்தான். ரோஸ் நிறக் கம்பளிச் சட்டை, கொஞ்சும் குரல், சுவரெல்லாம் பூனைக்குட்டித் தட்டுகள். ஹாரிக்கு அவர் தரும் தண்டனை, 'நான் பொய் சொல்லக் கூடாது' என்று எழுதுவது. அந்த இறகுப் பேனாவுக்கு மை வேண்டாம். எழுத எழுத அதே வரி அவன் புறங்கையைக் கீறுகிறது. தாளில் சிவப்பாகத் தெரிவது அவன் ரத்தம். வெளியே அமைச்சகத்தின் எண் போட்ட ஆணைகள் வந்துகொண்டே இருக்கின்றன. 24-ஆம் ஆணைப்படி, மாணவர்கள் அனுமதியில்லாமல் சங்கம்கூட வைக்க முடியாது.

குறையும் உண்டு. பள்ளியின் காட்டுக் காவலர் ஹாக்ரிட் காட்டில் ஒளித்து வைக்கும் ராட்சதத் தம்பியின் கதையை வெட்டியிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும், ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் இறந்துபோகிறான். இந்தப் புத்தகம் இருண்டது என்றால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். என்னை உலுக்கியது மருத்துவமனைக் காட்சி. ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில். சித்திரவதையில் புத்தி பேதலித்த அவனுடைய அப்பாவும் அம்மாவும் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறார்கள். அம்மா தயங்கித் தயங்கி வந்து, மகன் கையில் ஒரு பபிள்கம் காகிதத்தை வைக்கிறாள். குப்பைக் கூடையில் போடச் சொல்கிறார் பாட்டி. அவள் இதுவரை கொடுத்ததை வைத்து உன் அறைச் சுவரையே மூடிவிடலாமே என்கிறார்.

சரி என்கிற மாதிரிதான் நெவில் கிளம்புகிறான். ஆனால், காகிதம் அவன் சட்டைப் பைக்குள் போவதை ஹாரி பார்த்துவிடுகிறான்.